எப் 12 கீ எஞ்சினியர்களுக்கு மட்டும் சொந்தமல்ல

உங்கள் கீ போர்டின் மேல் வரிசையில், வலது பக்கமாக, எப் 12 என்று ஒரு கீ இருக்கும். கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து இதுவரை அதை ஒரு முறையாவது அழுத்தியிருக்கிறீர்களா? பெரும்பாலானவர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். கை தவறி அழுத்தியவர்கள், பிரவுசரில் பாதி இடத்தை அடைத்துக் கொண்டு புரியாத வரிகள் வந்து நிற்பதைக் கண்டு, வைரஸ் வந்துவிட்டதோ என்று பயந்து விண்டோவை மூடியிருப்பார்கள்.

அந்தப் பயம் தேவையில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அந்தக் கீயை அழுத்தி, உள்ளே எட்டிப் பார்க்கப் பழக வேண்டும் என்பது என் கருத்து. சரிசெய்யக் கற்க வேண்டும் என்று சொல்லவில்லை. பார்க்கக் கற்றால் போதும்.

நான் சாப்ட்வேர் எஞ்சினியர். வேலை ஓ.எம்.ஆரில். எப் 12 எனக்குச் சோறு போடும் கீ என்று சொல்லலாம். ஒரு நாளைக்கு ஐம்பது முறையாவது அழுத்துவேன். இருந்தும், இதைப் பற்றி வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சென்ற ஜூன் மாதம் நடந்த ஒரு நிகழ்ச்சிதான் என் எண்ணத்தை மாற்றியது.

கீழ் வீட்டு அக்காவின் லேப்டாப்

சேலையூரில் ஒரு மாடி வீட்டில் நான் குடியிருக்கிறேன். கீழ் வீட்டு அக்கா தையல் வேலை செய்பவர். அவருடைய மகள் பிளஸ் டூ முடித்து, கல்லூரிக்குப் போகத் தயாராக இருந்தாள். படிப்புச் செலவுக்கு ஒரு கல்வி உதவித் தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் இன்டர்நெட் வழியாக மட்டுமே. சீட்டு எடுத்த பணத்தில் அக்கா ஒரு லேப்டாப் வாங்கினார். அந்த வீட்டின் முதல் கம்ப்யூட்டர் அது.

விண்ணப்பத் தளம், "இந்த ஆப்பை இன்ஸ்டால் செய்கிறீர்களா?" என்று கேட்டது. இவர்களும் சரி என்று கிளிக் செய்துவிட்டார்கள். டெஸ்க்டாப்பில் ஐகான் வந்தது. மூன்று நாள் மாலையில் உட்கார்ந்து மகள் எல்லாவற்றையும் டைப் செய்தாள். மதிப்பெண், குடும்ப வருமானம், போட்டோ, ஏன் படிக்க விரும்புகிறேன் என்று இரண்டு பக்கக் கட்டுரை. கடைசிப் பட்டனை அழுத்தியதும் பச்சை நிறத்தில் டிக் அடையாளத்துடன் "சேவ்டு" என்று வந்தது. வேலை முடிந்தது என்று இனிப்பும் சாப்பிட்டுவிட்டார்கள்.

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அக்கா லேப்டாப்பைத் தூக்கிக் கொண்டு மாடிக்கு வந்தார்.

"தம்பி, எல்லாம் அனுப்பியாச்சு. பச்சைக் கலர்ல டிக் கூட வந்துச்சு. ஆனா கூடப் படிச்ச பொண்ணுங்களுக்கெல்லாம் மெயில் வந்திருக்கு, இவளுக்கு மட்டும் வரலை. போன் பண்ணிக் கேட்டா, உங்க அப்ளிகேஷனே எங்களுக்கு வரலைங்கறாங்க. பிரவுசர்ல இருக்கறதை எல்லாம் அழிச்சிட்டு முதல்லருந்து பண்ணுங்கன்னு சொல்றாங்க. அழிச்சிடவா?"

"கொஞ்சம் பொறுங்க அக்கா. அழிக்கிறதுக்கு முன்னாடி உள்ளே என்ன இருக்குன்னு பார்த்திடலாம்" என்று சொல்லி எப் 12 கீயை அழுத்தினேன்.

"ஐயையோ, இதெல்லாம் தொட்டா ஏதாவது ஆயிடப் போகுது தம்பி!" என்றார் அக்கா.

அவர் அப்படிச் சொன்னது எனக்கு உறுத்தியது. லேப்டாப் அவருடையது. அதில் இருப்பது அவருடைய மகளின் விண்ணப்பம். அதைப் பார்க்க அவருக்கே பயம். இந்தப் பயத்தை ஏற்படுத்தியது யார்? எங்களைப் போன்றவர்கள்தான்.

வெப் பக்கம் ஆப் ஆன கதை

அவர்கள் இன்ஸ்டால் செய்தது புரோகிரஸிவ் வெப் ஆப் என்ற வகையைச் சேர்ந்தது. பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். இது ஒரு வெப் பக்கம்தான். ஆனால் சாதாரண புரோகிராம் போலத் தனி ஐகானுடனும் தனி விண்டோவிலும் திறக்கும். இன்டர்நெட் இணைப்பு இல்லாவிட்டாலும் ஓரளவு வேலை செய்யும். 2015 ஆம் ஆண்டில் அலெக்ஸ் ரஸ்ஸல், பிரான்சஸ் பெர்ரிமன் என்ற இருவர் இதற்கு இந்தப் பெயரைச் சூட்டினர்.

அதே ஆண்டு நம் நாட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் மாதத்தில், முன்பதிவு இல்லாத ரயில் டிக்கெட்டை மொபைல் போனிலேயே காகிதம் இல்லாமல் எடுக்கும் வசதியை ரயில்வே முதலில் சோதித்துப் பார்த்தது, நம்முடைய எழும்பூர் - தாம்பரம் மின்சார ரயில் பாதையில்தான். அது ஆண்ட்ராய்ட் போனில் இறக்கிப் பதிந்து கொள்ளும் ஆப். எதற்கெடுத்தாலும் ஆப் என்ற காலம் அது. பெங்களூரைச் சேர்ந்த பிளிப்கார்ட் நிறுவனம் மொபைல் போனுக்கான தன் இணைய தளத்தையே மூடிவிட்டு, ஆப்பை இறக்கிக் கொள்ளுங்கள் என்று சொல்லி வந்தது. ஆனால் நம்மவர்களின் போன்களில் நினைவக இடம் குறைவு, இணைப்பு வேகமும் குறைவு. ஆகவே 2015 நவம்பரில் "பிளிப்கார்ட் லைட்" என்ற பெயரில் பிரவுசர் வழியாகவே ஆப் போல இயங்கும் தளத்தைக் கொண்டு வந்தது. இந்த வகையில் உலகம் கவனித்த முதல் சில தளங்களில் அது ஒன்று. ஆக, இந்தத் தொழில் நுட்பம் நம்மைப் போல இடமும் வேகமும் குறைவாக உள்ளவர்களுக்குப் பெரிதும் உதவியது என்பதில் சந்தேகம் இல்லை.

இது எப்படி வேலை செய்கிறது? சர்வீஸ் வொர்க்கர் என்று ஒரு சிறிய புரோகிராம், உங்கள் பிரவுசருக்கும் அந்த இணைய தளத்திற்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். பக்கங்களின் பிரதியை உங்கள் கம்ப்யூட்டரிலேயே சேமித்து வைத்துக் கொள்ளும். அடுத்த முறை நீங்கள் கேட்கும்போது, தளத்திற்குப் போகாமல் தன்னிடம் உள்ள பிரதியையே எடுத்துக் கொடுக்கும். ஆகவேதான் வேகமாகத் திறக்கிறது. நீங்கள் டைப் செய்வதையும் கம்ப்யூட்டரிலேயே இன்டெக்ஸ்டு டிபி என்ற இடத்தில் தளம் சேமித்து வைக்கலாம். இணைப்பு கிடைத்த பின் அனுப்பலாம் என்பது திட்டம்.

வசதி எதுவோ அதுவேதான் சிக்கலும். நடுவில் உட்கார்ந்திருப்பவர் பழைய பிரதியையே கொடுத்துக் கொண்டிருந்தால், நீங்கள் பார்ப்பது இன்றைய பக்கமா, போன வாரத்துப் பக்கமா என்பது உங்களுக்குத் தெரியாது. "சேவ்டு" என்று வந்தால், எங்கே சேவ் ஆனது என்பதும் தெரியாது.

உள்ளே இருந்தது என்ன?

அன்று நான் பார்த்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். குரோம், எட்ஜ் ஆகிய இரண்டிலும் இவை ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். தாம்பரத்தைத் தாண்டி, கூடுவாஞ்சேரி அருகே தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனம் 2023 ஆம் ஆண்டு வெளியிட்ட உலா பிரவுசரும் குரோமியம் அடிப்படையில் அமைந்ததுதான் என்பதால் அதிலும் இப்படியே பார்க்கலாம். இன்ஸ்டால் செய்த ஆப்பின் தனி விண்டோவிலும் எப் 12 வேலை செய்யும். சில லேப்டாப்களில் எப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். அல்லது கண்ட்ரோல், ஷிப்ட், ஐ ஆகிய மூன்று கீகளை ஒன்றாக அழுத்தவும்.

முதலில் நெட்வொர்க் என்ற டேப்பைத் தேர்ந்தெடுத்தேன். உங்கள் பிரவுசர் வெளியே அனுப்புவதும் வெளியிலிருந்து பெறுவதும் இங்கே ஒவ்வொரு வரியாகப் பதிவாகும். இதைத் திறந்த பிறகு நடப்பவை மட்டுமே பதிவாகும் என்பதை நினைவில் கொள்ளவும். மகளை விட்டு மறுபடியும் அனுப்பும் பட்டனை அழுத்தச் சொன்னேன். ஸ்கிரீனில் வழக்கம் போலப் பச்சை டிக், சேவ்டு. ஆனால் கீழே நெட்வொர்க் டேப்பில் ஒரு வரி சிவப்பாக வந்து நின்றது. அதன் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் 404 என்று இருந்தது. "இந்த முகவரியில் அப்படி ஒன்று இல்லை" என்று சர்வர் சொல்கிறது என்பது இதன் பொருள்.

இந்த எண்களைத் தெரிந்து வைத்துக் கொள்வது கடினம் இல்லை. 200 வரிசையில் இருந்தால் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. 300 வரிசை என்றால் வேறு இடத்திற்குத் திருப்பிவிடுகிறார்கள், அல்லது உங்களிடம் உள்ள பிரதியே போதும் என்கிறார்கள். 400 வரிசை என்றால் கேட்டதில் ஏதோ தவறு. 500 வரிசை என்றால் அவர்கள் பக்கத்துக் கம்ப்யூட்டரில் தவறு. இவ்வளவுதான்.

இரண்டாவதாக அப்ளிகேஷன் என்ற டேப். அதில் சர்வீஸ் வொர்க்கர்ஸ் என்ற பிரிவைக் கிளிக் செய்தேன். அங்கே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வேலையில் இருக்கிறார் என்று பச்சைப் புள்ளி. இன்னொருவர் வேலைக்கு வரக் காத்திருக்கிறார் என்று அடுத்த வரி. விஷயம் புரிந்துவிட்டது. தளத்தை நடத்துபவர்கள் இடையில் எதையோ மாற்றியிருக்கிறார்கள். விண்ணப்பத்தைப் பெறும் முகவரி மாறியிருக்கிறது. புதிய பதிப்பு லேப்டாப்பிற்கு வந்தும் சேர்ந்துவிட்டது. ஆனால் பழையவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஏன் எழுந்திருக்கவில்லை? அந்தத் தளம் திறந்திருக்கும் எல்லா டேப்களையும் விண்டோக்களையும் மூடினால்தான் பழைய சர்வீஸ் வொர்க்கர் விலகிப் புதியது பொறுப்பேற்கும். இதுதான் வழக்கமான விதி. எப் 5 அழுத்தி ரெப்ரெஷ் செய்தால் போதாது. அக்கா வீட்டில் வேலை முடிந்ததும் லேப்டாப்பின் மூடியைச் சாத்தி வைப்பார்கள், அவ்வளவுதான். லேப்டாப் தூங்கும்; மறுநாள் திறந்தால் விண்டோ அப்படியே இருக்கும். ஆப் விண்டோ ஒன்று, குரோமில் ஒரு டேப், இரண்டும் நாள் கணக்கில் மூடப்படாமலேயே இருந்திருக்கின்றன.

மூன்றாவதாக அதே அப்ளிகேஷன் டேப்பில் இன்டெக்ஸ்டு டிபி என்ற இடத்தைத் திறந்தேன். மகள் டைப் செய்த அத்தனையும் அங்கே இருந்தன. இரண்டு பக்கக் கட்டுரை, முழுவதுமாக. மூன்று நாள் மாலை உழைத்தது அந்த லேப்டாப்பைத் தாண்டி ஓர் அடி கூட வெளியே போகவில்லை.

கட்டுரையை முதலில் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பத்திரப்படுத்தினோம். மற்ற விவரங்களை மொபைல் போனில் போட்டோ எடுத்துக் கொண்டோம். பிறகு செய்தது ஒன்றே ஒன்று. ஆப் விண்டோவையும் குரோம் டேப்பையும் மூடிவிட்டு மீண்டும் திறந்தோம். புதிய பக்கம் வந்தது. டைப் செய்தவை அப்படியே இருந்தன. நெட்வொர்க் டேப்பைத் திறந்து வைத்துக் கொண்டு பட்டனை அழுத்தினாள். இந்த முறை 200. ஐந்து நிமிடத்தில் மெயில் வந்துவிட்டது.

"எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்"

இப்போது யோசித்துப் பாருங்கள். போனில் சொன்னபடி அக்கா எல்லாவற்றையும் அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பழைய சர்வீஸ் வொர்க்கர் போயிருக்கும், உண்மைதான். கூடவே அந்தக் கட்டுரையும் போயிருக்கும். வேறு பிரதி கிடையாது. இரண்டு நாளில் அவள் மீண்டும் எழுதியிருப்பாளா, அல்லது மனம் வெறுத்து விட்டிருப்பாளா, யாருக்குத் தெரியும்?

போனில் பேசியவரைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட பதில் அது. ஆனால் இந்தப் பதில் எல்லா இடத்திலும் இருக்கிறது. எதைக் கேட்டாலும் கேஷ் கிளியர் செய்யுங்கள், டேட்டாவை அழியுங்கள், அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போடுங்கள். பத்தில் எட்டு முறை இதனால் பிரச்னை தீரலாம். மீதி இரண்டு முறை நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஆகவே இதை மட்டும் மனதில் வையுங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், டெலீட் கீகளை அழுத்தினால் பிரவுசரில் சேர்ந்தவற்றை அழிக்கும் விண்டோ கிடைக்கும். அதில் படங்கள் மற்றும் பைல்களின் கேஷ் என்று உள்ளதை மட்டும் அழித்தால், நீங்கள் டைப் செய்து சேமித்தவற்றிற்குப் பாதிப்பு இல்லை. குக்கீ மற்றும் தளங்களின் டேட்டா என்று உள்ளதை டிக் செய்து அழித்தால், இன்டெக்ஸ்டு டிபியில் உள்ளவையும் சேர்ந்தே போய்விடும். எப் 12 விண்டோவில் அப்ளிகேஷன் டேப்பில் உள்ள "கிளியர் சைட் டேட்டா" பட்டனும் அப்படித்தான். இன்ஸ்டால் செய்த ஆப்பை நீக்கும்போதும், அதன் டேட்டாவையும் அழிக்கட்டுமா என்று ஒரு சிறிய கட்டத்தைக் காட்டிக் கேட்கும். அவசரத்தில் டிக் செய்துவிடாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இது எதற்கு?

என் அலுவலக நண்பர்களிடம் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். "டெவலப்பர் டூல்ஸ் என்றுதானே அதற்குப் பெயர்? டெவலப்பருக்கு உள்ளதை வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லி ஏன் குழப்புகிறாய்?" என்று கேட்டார்கள்.

இந்த வசதி எங்களுக்காகத்தான் வந்தது என்பதை மறுக்கவில்லை. 2006 ஜனவரியில் ஜோ ஹெவிட் என்பவர் பயர்பாக்ஸ் பிரவுசருக்காகப் பயர்பக் என்ற தொகுப்பை வெளியிட்டார். அதற்கு முன் ஒரு வெப் பக்கத்தில் தவறு எங்கே என்று கண்டுபிடிப்பது இருட்டில் ஊசி தேடுவது போலத்தான். பயர்பக் தனியாக இறக்கிப் பதிய வேண்டிய தொகுப்பு. 2009 இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 பிரவுசரில் எப் 12 அழுத்தினாலே இந்த வகை வசதி கிடைத்தது. இன்று பெரிய பிரவுசர் எதுவானாலும் இது உள்ளேயே இருக்கிறது. 2017 ஆம் ஆண்டோடு பயர்பக் நிறுத்தப்பட்டது. அதாவது, எஞ்சினியர் தேடிப் போய் வாங்கி வந்த கருவி, இப்போது உங்கள் வீட்டு லேப்டாப்பில் நீங்கள் கேட்காமலேயே வந்திருக்கிறது.

என் நண்பர்களுக்கு நான் சொன்ன பதில் இதுதான். வீட்டில் கரண்ட் மீட்டர் இருக்கிறது. நாம் யாரும் எலெக்ட்ரீஷியன் இல்லை. ஆனால் யூனிட் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறோம். ஏ.சி. போடாத மாதத்தில் எண் தாறுமாறாக ஏறினால் போய்க் கேட்கிறோம். மீட்டரைப் பார்ப்பதற்கு யாரும் டிப்ளமோ கேட்பதில்லை. எப் 12 விண்டோவும் ஒரு மீட்டர்தான். உங்கள் கம்ப்யூட்டரில், உங்கள் பெயரில், என்ன போகிறது, என்ன வருகிறது, என்ன தங்கியிருக்கிறது என்பதைக் காட்டும் மீட்டர். அதைப் பார்த்துவிட்டுப் பேசும் அக்காவிடம், "உங்க சைடுல 404 வருதுங்க" என்று கேட்கும் அக்காவிடம், "எல்லாவற்றையும் அழியுங்கள்" என்று சொல்லி யாரும் போனை வைக்க முடியாது.

ஆங்கிலமாக இருக்கிறதே என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. குரோமில் எப் 12 விண்டோவின் செட்டிங்ஸ் பிரிவில், பிரிபரன்சஸ் என்பதன் கீழ், மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொள்ளலாம்.

பார்க்கலாம், ஒட்டக் கூடாது

மீட்டரைப் பார்க்கலாம் என்றேன். அதன் சீலை உடைக்கலாம் என்று சொல்லவில்லை. இங்கே சீல் என்பது கன்சோல் என்ற டேப். தளத்திற்குக் கட்டளைகளை எழுதி இயக்கும் இடம் அது. அதில் சிவப்பில் வரும் பிழைச் செய்திகளைத் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் வேறு யாரோ கொடுத்த வரிகளைக் காப்பி செய்து அங்கே ஒட்டி என்டர் தட்டக் கூடாது. "இதை ஒட்டினால் உங்கள் புரொபைலை யார் பார்த்தார்கள் என்று தெரியும்", "இதை ஒட்டினால் ரீசார்ஜ் இலவசம்" என்றெல்லாம் வலை விரிப்பார்கள். நீங்கள் லாக் இன் செய்திருக்கும் நிலையில் அந்த வரிகள் இயங்கினால், உங்கள் கணக்கு அவர்கள் கைக்குப் போய்விடலாம். இதனால்தான் பேஸ்புக் தளம் கன்சோலில் பெரிய எழுத்தில் நிறுத்தச் சொல்லி எச்சரிக்கை வைத்தது. குரோமும் பயர்பாக்ஸும் கூட முதல் முறை எதையாவது ஒட்ட முயன்றால் தடுத்து நிறுத்தி எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை மீறிச் செல்லும்படி போனில் ஒருவர் சொன்னால், அவர் உங்கள் நண்பர் இல்லை.

எப் 12 பற்றித் தெரிந்திருப்பது வேறொரு மோசடியிலிருந்தும் உங்களைக் காக்கும். பணம் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி, உங்கள் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் புரோகிராமைப் போடச் சொல்வார்கள். பேங்க் கணக்கைத் திறக்கச் சொல்வார்கள். ஸ்கிரீன் ஒரு நிமிடம் மறையும். திரும்பப் பார்த்தால் கணக்கில் 5,000 ரூபாய்க்குப் பதில் 50,000 ரூபாய் சேர்ந்திருக்கும். "தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டோம், மீதியைத் திருப்பி அனுப்புங்கள், இல்லாவிட்டால் என் வேலை போய்விடும்" என்று கெஞ்சுவார்கள். உண்மையில் பணம் எதுவும் வந்திருக்காது. எலிமென்ட்ஸ் என்ற டேப்பில் போய், ஸ்கிரீனில் தெரியும் எண்ணை மட்டும் மாற்றியிருப்பார்கள்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஏதாவது ஒரு செய்தித் தளத்தைத் திறந்து, ஒரு தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, கிடைக்கும் மெனுவில் இன்ஸ்பெக்ட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அந்த வரியில் டபுள் கிளிக் செய்து உங்கள் பெயரை டைப் செய்து என்டர் தட்டவும். முதல் பக்கச் செய்தியில் உங்கள் பெயர்! எப் 5 அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். மாறியது உங்கள் ஸ்கிரீனில் மட்டும்தான். தளத்தில் எதுவும் மாறவில்லை. இதை ஒரு முறை கையால் செய்து பார்த்தவரை அந்த மோசடிக்காரர் ஏமாற்றுவது கடினம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யவும்.

பார்ப்பது குற்றமா?

இப்படி உள்ளே பார்ப்பது ஹேக்கிங் ஆகிவிடாதா என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் இது பெரிய சர்ச்சையாகவே ஆனது. 2021 அக்டோபரில் மிசௌரி மாநிலத்தில் ஜோஷ் ரெனாட் என்ற பத்திரிகையாளர், மாநிலக் கல்வித் துறையின் வெப் பக்கத்தில், ஆசிரியர்களின் சோஷியல் செக்யூரிட்டி எண்கள் பக்கத்தின் மூல வரிகளிலேயே கிடப்பதைக் கண்டார். துறைக்குத் தெரிவித்து, அவர்கள் சரி செய்யும் வரை காத்திருந்துதான் அவருடைய பத்திரிகை செய்தி வெளியிட்டது. ஆனால் கவர்னர் மைக் பார்சன் அவரை ஹேக்கர் என்று சொல்லி, வழக்குத் தொடரப் போவதாக மிரட்டினார். 2022 பிப்ரவரியில் அரசு வழக்கறிஞர் வழக்கு எதுவும் இல்லை என்று அறிவித்தார்.

தளம் உங்கள் பிரவுசருக்கு அனுப்பி வைத்ததைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். உங்கள் வீட்டுக்கு வந்த கடிதத்தை நீங்கள் பிரித்துப் படிப்பது போன்றது இது. அடுத்தவர் கணக்கில் நுழைய முயல்வதும், கடிதத்தில் கண்ட பிறர் விவரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதும் வேறு விஷயம். அவை குற்றம்தான்.

எங்களுக்கும் ஒரு வேண்டுகோள்

கடைசியாக, என்னைப் போல வெப் ஆப் எழுதுபவர்களுக்கும் சொல்ல வேண்டும். அந்தப் பச்சை டிக் பொய் சொல்லவில்லை. பாதி உண்மை சொன்னது. "உங்கள் கம்ப்யூட்டரில் சேமிக்கப்பட்டது, இன்னும் அனுப்பப்படவில்லை" என்று ஒரு வரி போட என்ன செலவு? "புதிய பதிப்பு வந்துள்ளது, எல்லா விண்டோக்களையும் மூடித் திறக்கவும்" என்று ஒரு வரி காட்ட எவ்வளவு நேரம் ஆகும்? இவை இரண்டும் இருந்திருந்தால் அக்கா மாடி ஏறி வந்திருக்கவே தேவையில்லை. நானும் இதற்கு முன் எழுதிய ஆப்களில் வெறும் சேவ்டு என்றுதான் போட்டிருக்கிறேன். இப்போது மாற்றி வருகிறேன்.

நாங்கள் எல்லோரும் திருந்தும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். இன்று மாலையே கம்ப்யூட்டரை இயக்கி, நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் ஒரு தளத்தைத் திறந்து, எப் 12 அழுத்திப் பாருங்கள். நெட்வொர்க் டேப்பைத் திறந்து வைத்து எப் 5 அழுத்துங்கள். எத்தனை வரிகள் ஓடுகின்றன, எதெல்லாம் சிவப்பு என்று கவனியுங்கள். அப்ளிகேஷன் டேப்பில் அந்தத் தளம் உங்கள் கம்ப்யூட்டரில் எதையெல்லாம் வைத்திருக்கிறது என்று பாருங்கள். புரியாவிட்டால் பரவாயில்லை. மீண்டும் எப் 12 அழுத்தினால் விண்டோ மூடிக்கொள்ளும். பார்த்ததால் எதுவும் கெட்டுப் போகாது.

கீழ் வீட்டு அக்காவின் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். உதவித் தொகை கிடைத்துவிட்டது. சென்ற வாரம் தேர்வுக் கட்டணம் கட்டும் பக்கத்தில் ஏதோ தகராறு. லேப்டாப்பைத் தூக்கிக் கொண்டு மாடிக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் வரவில்லை. இரவு படிக்கட்டில் பார்த்தபோது அக்கா சொன்னார்: "அது அவங்க சைடுல 500 தம்பி. நாளைக்குக் கட்டிக்கலாம்னு விட்டுட்டோம்."